காட்பாடியில் ஏறி கொச்சியில் இறங்குவோருக்கு: அவசரமில்லாத முதல் நாள்

வேலூரிலிருந்து கொச்சிக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். இரவு காட்பாடியில் ரயில் ஏறி, விடிந்ததும் எர்ணாகுளத்தில் இறங்கி, அன்றைக்கே ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, செராய் கடற்கரை, நேரமிருந்தால் ஆலப்புழையில் படகு வீடு என எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, இரவு ரயிலிலேயே திரும்பி மறுநாள் வேலைக்குப் போய்விடலாம் என்பது அந்தக் கணக்கு. அப்படிப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், கைப்பேசியில் உள்ள படங்களைக் காட்டுவார்களே தவிர, எது எங்கே இருந்தது என்று சொல்ல மாட்டார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போய் வந்தேன்.

இந்தக் கட்டுரை, குறைந்தது இரண்டு இரவுகளாவது அங்கே தங்கப்போகிறவர்களுக்கானது. அதிலும் முதல் நாளை மட்டுமே பேசுகிறது. அந்த நாளுக்கு இரண்டே இடங்கள் போதும்: காலையில் ஃபோர்ட் கொச்சி, பிற்பகலில் மட்டாஞ்சேரி. இரண்டும் ஒரே நிலத்துண்டில், ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதை நம் விருப்பத்தைவிட அங்குள்ள கதவுகள் திறக்கும் நேரமும் வெயிலுமே தீர்மானிக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால், ஓட வேண்டிய தேவையே இருக்காது.

முதலில் கிழமை, பிறகு டிக்கெட்

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் பக்கத்திலேயே இருக்கும் யூதர்களின் வழிபாட்டு இல்லமான பரதேசி சினகாக், வெள்ளிக்கிழமை நண்பகலோடு பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும், அவர்களுடைய பண்டிகை நாள்களிலும் திறப்பதே இல்லை. நம்மூரில் வேலை பார்ப்பவர்களின் வழக்கமோ, வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு அன்றிரவே காட்பாடிக்குக் கிளம்புவது. அப்படிக் கிளம்பினால் முதல் நாள் சனிக்கிழமையாக அமையும். என் முதல் பயணத்தில், மட்டாஞ்சேரியின் அந்தக் குறுகிய தெருவின் கடைசிவரை நடந்துபோய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, என் அம்மா பக்கத்துக் கடையின் படியில் உட்கார்ந்து, "இதை வேலூரிலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாமே" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே, முதல் நாள் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான நாள்களில் ஒன்றாக அமையும்படி, சனிக்கிழமை இரவிலிருந்து புதன்கிழமை இரவுக்குள் ஏதேனும் ஒரு ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமானால் ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை இறங்குவதே என் பரிந்துரை. ஞாயிற்றுக்கிழமை இறங்குபவர்கள் காலையில் தேவாலயங்களில் வழிபாடு நடக்கும் என்பதை நினைவில் வைத்து, அவற்றைச் சற்றுத் தாமதமாகப் பார்க்கத் திட்டமிட வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த இந்த ஊரில் நடக்க முடியாது. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே என்னும் கலைக் கண்காட்சி நடைபெறும் ஆண்டுகளில், டிசம்பர் முதல் மார்ச் வரை பழைய கிடங்குகள் எல்லாம் ஓவியக்கூடங்களாகிவிடும். கலையில் ஆர்வமுள்ளவர்கள் அதைக் கணக்கில் கொள்ளலாம். டிசம்பர் 31 இரவு, பப்பாஞ்சி என்னும் பெரிய உருவத்தைக் கொளுத்தி ஆண்டை வழியனுப்பும் விழாவுக்குப் பெருங்கூட்டம் கூடும். நிதானம் தேடிப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

எந்த ரயில், எந்த நிலையம்

ரயில் நிலையப் பட்டியலில் கொச்சி என்று தேடாதீர்கள். நாம் இறங்க வேண்டிய ஊரின் பெயர் எர்ணாகுளம். எர்ணாகுளம் நிலப்பகுதியில் வளர்ந்த இன்றைய நகரம். நாம் பார்க்கப்போகும் பழைய கொச்சி காயலுக்கு அப்பால், கடலை ஒட்டி இருக்கிறது. எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு. எர்ணாகுளம் ஜங்ஷனை உள்ளூரார் 'சௌத்' என்றும், எர்ணாகுளம் டவுனை 'நார்த்' என்றும் சொல்கிறார்கள். கோட்டயம் வழியாகச் செல்லும் திருவனந்தபுரம் மெயில் நார்த்தில் நிற்கும். ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சௌத்துக்குப் போகும். இரண்டுமே சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு இரவில் காட்பாடிக்கு வருபவை. உங்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; தங்குமிடத்துக்காரரிடம் தொலைபேசியில் வழி கேட்கும்போது அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பு திறக்கிறது. ஓணம், கிறிஸ்துமஸ், கோடை விடுமுறைக் காலங்களில் முதல் நாளே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கடினம். வேலூரில் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வந்துபோகும் மலையாளிகள் ஏராளம் என்பதால், மற்ற வாரங்களிலும் காட்பாடியிலிருந்து இந்த ரயில்கள் காலியாகப் போவதில்லை. காட்பாடியில் வண்டி சில நிமிடங்களே நிற்கும். வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி நிலையத்துக்குப் போகும் வழியில் மாலை நெரிசல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே, ஆகவே அரை மணி நேரம் கூடுதலாகவே ஒதுக்குங்கள். சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக 550 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தப் பயணத்தில், பாலக்காட்டுக் கணவாயைப் பார்க்க வேண்டும் என்று விழித்திருப்பது வீண். இருட்டிலேயே அது கடந்துபோய்விடும். தூங்குங்கள், காலையில் உடம்பு அதற்கு நன்றி சொல்லும்.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. மெல்லிய பருத்தி ஆடை, குடை, துண்டு, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. இந்தச் செருப்பு விஷயத்தை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அரண்மனையிலும் சினகாக்கிலும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். அரைக்கால் சட்டையோடும் கையில்லாத மேலாடையோடும் சினகாக்குக்குள் விடமாட்டார்கள். வேலூரின் சித்திரை வெயிலைத் தாங்கிய உடம்புக்குக் கொச்சியின் வெப்பம் எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியாது. ஆனால் நம்மூர் வெயில் காய்ச்சும், அந்த ஊர் வெயில் புழுக்கும். பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூடுதலாக ஒரு சட்டை தேவைப்படும்.

நீர்வழியாக ஊருக்குள் நுழைதல்

நிலையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் பேருந்தும் ஆட்டோவும் பாலங்கள் வழியாகப் போகின்றன. வயதானவர்களும் பெரிய பெட்டிகளும் உடன் இருந்தால் அதுவே வசதி. மற்றவர்கள் தயவுசெய்து படகில் போங்கள். கொச்சி ஒரு துறைமுகமாகப் பிறந்த ஊர். துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய வழி நீர்தான். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் வடக்கே இருந்த பழைய துறைமுகமான முசிறியை மணலால் மூடி, இங்கே கடலுக்கு ஒரு புதிய வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாறாகச் சொல்லப்படுகிறது. சங்கப் பாடல்களில் யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியைப் பள்ளியில் படித்தவர்கள், அதன் வாரிசைத்தான் இப்போது பார்க்கப் போகிறார்கள்.

படகுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ. மின்கலத்தில் ஓடும் குளிரூட்டப்பட்ட படகு. உயர் நீதிமன்றத்தை ஒட்டிய துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 2024 ஏப்ரல் முதல் செல்கிறது. மற்றொன்று, மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு. எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து புறப்படுகிறது. டீ குடிக்கும் காசைவிடக் கட்டணம் குறைவு. இரண்டும் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கொண்டு சேர்க்கும். நார்த்தில் இறங்கியவர்கள் அருகிலுள்ள டவுன் ஹால் மெட்ரோ நிலையத்தில் ஏறி அடுத்த நிறுத்தமான எம்.ஜி. ரோட்டில் இறங்கி அங்கிருந்து ஆட்டோவில் உயர் நீதிமன்றத் துறைக்குப் போகலாம். சௌத்தில் இறங்கியவர்களுக்கு அடுத்த மெட்ரோ நிறுத்தமான மகாராஜாஸ் கல்லூரியில் இறங்கினால் போட் ஜெட்டி அருகில். என் விருப்பம் பழைய படகே. சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, காற்று நேராக முகத்தில் அடிக்கும், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் நாளிதழை மடித்துப் படித்துக்கொண்டு வருவார்கள்.

வலப்பக்கம் தெரிவது போல்காட்டித் தீவு. 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை அங்கே இருக்கிறது. இடப்பக்கம் உள்ள வில்லிங்டன் தீவு இயற்கையாக உண்டானதன்று. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது அது. பாலாற்றின் மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த நமக்கு, இவ்வளவு தண்ணீர் கண்ணுக்கு எட்டும்வரை அசைந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதே ஒரு காட்சி. முகத்துவாரத்தை நெருங்கும்போது தண்ணீரைக் கவனியுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், முதுகைக் காட்டிவிட்டு மறையும்.

இறங்கியதும் அறைக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள், பெரும்பாலான தங்குமிடங்கள் நண்பகலுக்குப் பிறகே அறையைத் தருகின்றன. ஃபோர்ட் கொச்சியில் வீடுகளின் ஒரு பகுதியையே அறைகளாக விடும் ஹோம்ஸ்டேக்கள் நிறைய உண்டு. பதிவு செய்யும்போதே, காலையில் பையை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொள்ள இடம் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். அநேகமாக மறுக்க மாட்டார்கள். புட்டும் கடலைக்கறியுமோ, அப்பமும் முட்டைக்கறியுமோ சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கலாம். குடிக்க வெந்நீர் இளஞ்சிவப்பு நிறத்தில் வந்தால் திகைக்க வேண்டாம். பதிமுகம் என்னும் மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த நீர் அது.

கோட்டையைத் தேட வேண்டாம்

வேலூர்க்காரர்கள் ஃபோர்ட் கொச்சியில் முதலில் கேட்கும் கேள்வி, கோட்டை எங்கே என்பதுதான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. கோட்டை என்றால் அகழியும், கருங்கல் மதிலும், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலுமாக முழுசாக நிற்க வேண்டும் என்று பழகியவர்கள் நாம். அங்கே கோட்டை இல்லை. 1503இல் போர்ச்சுகீசியர் இங்கே கட்டிய இம்மானுவேல் கோட்டைதான் இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் கோட்டை. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைச் சுருக்கித் தங்களுக்கேற்ப மாற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், 1806ஆம் ஆண்டுவாக்கில் மதில்களும் கொத்தளங்களும் தகர்க்கப்பட்டன. அந்த 1806 நமக்குப் பழகிய ஆண்டு. அதே ஆண்டு ஜூலை 10 அன்றுதான் நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். அரசனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு என்று நம்மூரைக் கேலி பேசுபவர்களுக்கு, கோட்டையே இல்லாமல் கோட்டை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரைக் காட்டலாம்.

நடையைப் புனித பிரான்சிஸ் தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். 1503இல் மரத்தால் எழுப்பப்பட்டு, 1516இல் கல்லும் செங்கலுமாகக் கட்டப்பட்ட இது, இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய மிகப் பழைய தேவாலயம். கத்தோலிக்கரிடமிருந்து டச்சுச் சீர்திருத்தத் திருச்சபைக்கும், அங்கிருந்து ஆங்கிலத் திருச்சபைக்கும் கைமாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தபோது இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளுக்குப் பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். தரையில் கம்பிவேலியிட்ட வெறும் கல்லே மிச்சம். பெரும்பாலோர் அந்தக் கல்லைப் படம்பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். பழைய கல்லறைக் கற்களைத் தரையிலிருந்து பெயர்த்து, போர்ச்சுகீசியரின் கற்களை வடக்குச் சுவரிலும் டச்சுக்காரரின் கற்களை தெற்குச் சுவரிலும் பதித்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் விரட்டியவர்கள் எதிரெதிராக நின்றுகொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே தொங்கும் நீண்ட துணி விசிறிகளையும் கவனியுங்கள். வெளியே நின்று ஒருவர் கயிற்றை இழுக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வந்த காலத்தின் பொருள்கள் அவை.

எதிரேயுள்ள பரேடு மைதானத்தில் ஒரு காலத்தில் படைகள் அணிவகுத்தன. இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதைச் சுற்றிய தெருக்களில் நிற்கும் மழைமரங்களின் நிழலுக்காகவே ஓரிரு முறை சுற்றி நடக்கலாம். பிரின்சஸ் தெரு வழியாகப் போனால் சாந்தா குரூஸ் பசிலிக்கா வரும். போர்ச்சுகீசியர் கட்டிய பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் 1795இல் இடித்துவிட்டார்கள். இப்போதுள்ள கட்டடம் 1905இல் அருள்பொழிவு செய்யப்பட்டது. 1984இல் பசிலிக்கா என்னும் தகுதியைப் பெற்றது. டச்சுக் கல்லறைத் தோட்டத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும், கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும்.

இவற்றைவிடத் தமிழர்களாகிய நாம் தவறவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. வெளி என்னும் பகுதியில் உள்ள டோபி கானாவுக்கு ஓர் ஆட்டோ பிடித்துப் போங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி துவைக்கிறார்கள். குளக்கரைகளில் செய்துவந்த வேலைக்கு 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் வரிசையாகத் தொட்டிகள் கட்டிக் கொடுத்தது. துவைத்த வேட்டிகளைக் கிளிப் இல்லாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடையில் செருகியே உலர்த்துகிறார்கள். கஞ்சி போட்டு, கனமான பழைய இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள். தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். அந்தத் தமிழின் ஓசை நம் வட ஆற்காட்டுத் தமிழாக இருக்காது, மலையாளம் ஊறிய தமிழாக இருக்கும். வேலை செய்யும் இடம் என்பதால், படமெடுக்கும் முன் கேளுங்கள். போகும்போது ஏதேனும் துணி இருந்தால் தேய்க்கக் கொடுத்துக் கூலி கொடுங்கள்.

சாப்பாடும் தூக்கமும்

நண்பகலுக்கு முன்பே சாப்பிட உட்காருங்கள். பிரியாணியில் நமக்கு ஆம்பூர் அளவுகோல் உண்டு என்பதால், மட்டாஞ்சேரியில் காயீஸ் கடையின் பிரியாணியை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். நம் சீரகச் சம்பாவைப் போல அங்கே கைமா என்னும் சிறுமணி அரிசி. நம் கத்திரிக்காய்க்குப் பதிலாக அங்கே பேரீச்சம்பழ ஊறுகாயும் பப்படமும். மிளகாய் குறைவு, நெய்மணம் கூடுதல். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நான் ஆம்பூர்ப் பக்கம். மீன் விரும்புகிறவர்கள் குடம்புளி போட்ட குழம்போடு சிவப்பு மட்டை அரிசிச் சோறு சாப்பிடலாம்; அந்தச் சோறு பருமனானது, வயிற்றில் நெடுநேரம் நிற்கும், ஆகவே நம்மூர் அளவில் வாங்காதீர்கள். கேரளத்தில் மாட்டிறைச்சி சாதாரண உணவு. அதைத் தவிர்ப்பவர்கள் கறி என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கறி என்று கேட்டு வாங்க வேண்டும்.

அதன் பிறகு அறைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் படுங்கள். இதைச் சொல்லும்போது பலர் சிரிக்கிறார்கள். ரயிலில் அரைத் தூக்கம் தூங்கியவர்கள் இந்த நேரத்தில் படுக்காவிட்டால், மாலையில் குழந்தைகள் அழுவார்கள், பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழுவார்கள். சினகாக்கின் நண்பகல் இடைவேளை ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை என்பதால், இந்தத் தூக்கத்தால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை.

மட்டாஞ்சேரி: அரண்மனையும் ஒரு தெருவும்

இரண்டு மணிக்குக் கிளம்பி முதலில் அரண்மனைக்குப் போங்கள். ஆட்டோ ஓட்டுநர் மிகக் குறைந்த கட்டணத்தில் ஊர் முழுவதும் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னால், வழியில் பெரிய கைவினைக் கடைகளிலும் வாசனைப் பொருள் கடைகளிலும் நிறுத்துவார் என்று பொருள். என் முதல் பயணத்தில் அப்படி மூன்று கடைகள் ஏறி இறங்கி, தேவையில்லாத ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றோடு அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடும் நேரமாகிவிட்டது. போகுமிடத்தைச் சொல்லி, அதற்கு மட்டும் வாடகை பேசுங்கள். 'சேட்டா' என்று அழைத்துக் கேட்டால் முகம் மலரும், 'எத்ரயா?' என்பது எவ்வளவு, 'மதி' என்பது போதும். இந்த மூன்று சொற்களும் நாள் முழுவதும் கைகொடுக்கும்.

இந்த அரண்மனைக்கு டச்சு அரண்மனை என்றே பெயர் வழங்குகிறது. ஆனால் இதை 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மாவுக்கு அளித்தவர்கள் போர்ச்சுகீசியர். டச்சுக்காரர்கள் 1663இல் பழுதுபார்த்துப் பெயரைத் தட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வீடு போலத்தான் இருக்கும். நடுமுற்றத்தில் பழயன்னூர் பகவதி கோயில் இருக்கிறது. பார்க்க வேண்டியது சுவர்களை. அரசரின் பள்ளியறையில் புத்திரகாமேஷ்டி வேள்வியிலிருந்து இராமன் அயோத்தி திரும்புவதுவரை இராமாயணம் முழுவதும் காவியும் பச்சையும் மஞ்சளுமாக இடைவெளியே இல்லாமல் தீட்டப்பட்டிருக்கிறது. ஓர் உருவம் முடியுமிடத்தில் அடுத்த உருவம் தொடங்குவதால், முதலில் கண்ணுக்கு ஒரே வண்ணக் கும்பலாகத் தோன்றும். அவசரப்படாமல் அந்த அறையின் ஒரு மூலையில் நின்று, தசரதனைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கதை தானாக நகரத் தொடங்கும். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே அமையும். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்பு வெளியே வந்து, யூதத் தெருவில் நடந்து சினகாக்குக்குப் போங்கள். 1568இல் கட்டப்பட்டது. 'பரதேசி' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பிச்சைக்காரர் நினைவு வரலாம். இங்கே அதன் நேர்ப்பொருள்தான், பிற தேசத்திலிருந்து வந்தவர் என்பது. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் கட்டியது என்பதால் அந்தப் பெயர். அரண்மனையை ஒட்டியே அரசர் இதற்கு நிலம் கொடுத்தார். கோயிலும் சினகாக்கும் அருகருகே இருக்கின்றன. உள்ளே தரையெங்கும் சீனாவிலிருந்து வந்த, நீலமும் வெள்ளையுமாகக் கையால் தீட்டிய ஓடுகள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்பார்கள். நானும் ஒரு வரிசை முழுவதும் குனிந்து பார்த்தேன், இரட்டை கிடைக்கவில்லை. கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் இந்தச் சமூகத்தின் பெருஞ்செல்வம். அவற்றின் எழுத்து, தமிழை எழுதவும் வழங்கிய பழைய வட்டெழுத்து என்பதைத் தமிழர்கள் குறித்துக்கொள்ளலாம். 1948க்குப் பிறகு இந்தத் தெருவின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குப் போய்விட்டன. வீடுகள் பழம்பொருள் கடைகளாகிவிட்டன. வாசல்களிலும் சன்னல்களிலும் தாவீதின் நட்சத்திரம் மட்டும் அங்கங்கே தங்கியிருக்கிறது.

கடைகளில் எதையாவது வாங்கத்தான் வேண்டுமா என்றால், முதல் நாளில் வேண்டாம். மிளகும் ஏலமும் பட்டையும் விலை கேட்டு மட்டும் வையுங்கள், கடைசி நாள் வாங்கலாம். திரும்பும்போது பஜார் சாலை வழியாக நடங்கள். காயலை ஒட்டிய பழைய கிடங்குகளில் இஞ்சியும் மிளகும் அரிசியும் மூட்டைகளாக ஏறி இறங்கும் தெரு அது. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதிலிருந்து சுக்கின் காரம் மூக்கைத் தொடும். ஐரோப்பா எதற்காக இவ்வளவு தூரம் கப்பலேறி வந்தது என்பதை அருங்காட்சியகங்களைவிட இந்தத் தெரு நன்றாகச் சொல்கிறது.

அந்திக்குச் சீனவலை

ஐந்து மணிக்கெல்லாம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குத் திரும்பிவிடுங்கள். முகத்துவாரத்தின் ஓரம் நிற்கும் சீனவலைகளைப் பகலில் பார்த்தால் மரச்சட்டங்களின் குவியலாகத் தெரியும். வெயில் சாயும்போதுதான் அவை உருவம் பெறுகின்றன. சீன வணிகர்கள் கொண்டுவந்தது என்பது பரவலான நம்பிக்கை. மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. வேலை செய்யும் விதம் நம்மூர்க் கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒரு பக்கம் வலை, மறுபக்கம் கயிறுகளில் வரிசையாகத் தொங்கும் பாறாங்கற்கள். நான்கைந்து பேர் கயிற்றை இழுக்க, கற்கள் இறங்கி வலை மேலெழும். விட்டால் வலை தன் எடையில் நீருக்குள் போகும். வலையில் விழுவது பெரும்பாலும் ஒரு கைப்பிடி மீன்தான். மேலே ஏறி இழுத்துப் பார்க்கும்படி அழைப்பார்கள். போகலாம், ஆனால் இறங்கும்போது அன்பளிப்பு எதிர்பார்ப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கி அங்கேயே சமைத்துத் தரச் சொல்வதாக இருந்தால், மீனின் எடை, மீனின் விலை, சமையல் கூலி மூன்றையும் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசிவிடுங்கள்.

சூரியன் கடலுக்குள் இறங்கும்வரை அங்கேயே உட்காருங்கள். கிழக்கே கடலைப் பார்த்துப் பழகிய மாநிலத்துக்காரர்களுக்கு, அதிலும் கடலே இல்லாத வேலூர்க்காரர்களுக்கு, சூரியன் கடலில் மறைவது புதிய காட்சி. ஒரு கட்டன் சாயா, அதாவது பாலில்லாத் தேநீர், வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் முகத்துவாரத்துக்குள் பெரிய சரக்குக் கப்பல் ஒன்று நுழைந்தால், கரையில் இருக்கும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்ப்பார்கள்.

எர்ணாகுளத்தில் அறை எடுத்தவர்கள் கடைசிப் படகின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே துறையில் கேட்டு வைத்திருக்க வேண்டும். தவறவிட்டால் பாலம் சுற்றி ஆட்டோவில் போக இரவுக் கட்டணம் கூடும். ஃபோர்ட் கொச்சியிலேயே தங்கியவர்களுக்கு அந்தக் கவலையில்லை. ஆனால் அறையின் சன்னல்களை மாலையில் வெளியே கிளம்பும் முன்பே சாத்திவிட்டுப் போங்கள். கொச்சியின் கொசுக்கள் ஊரைவிடப் புகழ் பெற்றவை. சாத்த மறந்திருந்தால், திரும்பியதும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.